கூலிங் கிளாஸும் குறியும்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஏர் பிஸ்டல் சுட்ட இருவரின் படங்கள் நம் வாட்ஸ்அப் குழுக்கள் வரை வந்து சேர்ந்தன. தென் கொரியாவின் கிம் யே-ஜி முகத்தில் தனி லென்ஸ் பொருத்திய கருவி. துருக்கியின் யூசுஃப் டிகெச் முகத்தில் சாதாரண பவர் கண்ணாடி. இருவரும் வெள்ளி வென்றார்கள். ஆகவே கண்ணாடியெல்லாம் வெறும் பகட்டு என்று பலர் தீர்ப்பெழுதிவிட்டார்கள். அவசரத் தீர்ப்பு அது. 10 மீட்டர் போட்டி கூரைக்குள் நடப்பது. இலக்கின் மேல் குறைந்தது 1500 லக்ஸ் வெளிச்சம் விழ வேண்டும் என்று விதியே இருக்கிறது. மேகம் நுழையாத அந்த இடத்தை வைத்து வெட்டவெளிக்கு விடை சொல்ல முடியாது.

சென்னையில் துப்பாக்கி பழகுகிறவர்களில் பெரும்பாலோர் தொடங்குவது இந்த 10 மீட்டரில்தான். வேளச்சேரி குரு நானக் கல்லூரித் தளம், 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளின் துப்பாக்கி சுடுதல் நடந்த இடம், அடையாற்றுப் பிள்ளைகளுக்கு எட்டும் தூரம். எந்த நிற லென்ஸ் வாங்கலாம் என்று கேட்டால் அவர்களுக்கு என் பதில் ஒரே சொல்: வெள்ளைக் கண்ணாடி. காரணம் கண்மணியில் இருக்கிறது. வெளிச்சம் குறைந்தால் கண்மணி விரியும். விரிந்தால் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியும் தூரம் சுருங்கும். ஏர் ரைஃபிளில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர்ப் பொட்டு. கிட்டத்தட்ட ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் முன் குறியும் பத்து மீட்டர் தள்ளியிருக்கும் கறுப்பு வட்டமும் சேர்ந்து தெரிய வேண்டிய இடத்தில், நிற லென்ஸ் வெளிச்சத்தைத் திருடினால் இரண்டில் ஒன்று மங்கும். நிற லென்ஸுக்குக் கொடுக்கும் காசை முன் குறி தெளிவாகத் தெரியும்படி பவரைச் சரிசெய்யச் செலவிடலாம். ரைஃபிளில் கண் கூசினால் பின் குறியிலேயே ஃபில்டர் பொருத்திக்கொள்ள விதி இடம் தருகிறது, முகத்துக்கு எதற்கு?

வெளியே வந்தால் கதை வேறு. டிராப் போட்டியில் 110 மில்லிமீட்டர் அகலத் தட்டு, மணிக்கு நூறு கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் பறக்கிறது. புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் இருந்த அணி ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய பிரிவு இது. தட்டு பெரும்பாலும் ஆரஞ்சு. இங்கே கண்ணாடியின் வேலை வெயிலைக் குறைப்பது மட்டுமல்ல, தட்டைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டுவதும்தான். கடைக்காரர் நீட்டும் அடர் சாம்பல் லென்ஸ் முதல் வேலையை மட்டும் செய்கிறது. எல்லா நிறத்தையும் சமமாக அடக்குவதால் பாண்டி பஜாரில் நடக்க அது நல்ல கண்ணாடி; பறக்கும் தட்டுக்குச் சுமார்தான்.

மஞ்சளைப் பற்றி ரொம்ப நாளாக ஒரு நம்பிக்கை இருக்கிறது: போட்டால் எல்லாம் பளிச்சென்று தெரியும். தெரிவதாகத் தோன்றுவது உண்மை. நீலத்தை வெட்டுவதால் பனிமூட்டத்தின் வெளிறல் கொஞ்சம் குறையும். போகிப் புகை கலையாத காலையில் அது ஆறுதல். ஆனால் பார்வைக் கூர்மை கூடுகிறதா? இரவில் வண்டி ஓட்டுவோருக்கான மஞ்சள் கண்ணாடியை 2019இல் அமெரிக்காவில் சிமுலேட்டரில் சோதித்தார்கள். பாதசாரிகளைக் கண்டுகொள்ள அது உதவவில்லை. சுடுதளமும் சாலையும் ஒன்றல்லதான். ஆனாலும், பளிச்சென்று தோன்றுவதை நன்றாகத் தெரிவதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதுவே போதும். அடைமழைக் காலத்து ஐந்து மணி வானத்துக்கு வெளிர் மஞ்சள் சரி. அதற்கு மேல் புகழ வேண்டாம்.

வெயிலில் கறுத்து நிழலில் வெளுக்கும் லென்ஸ்தான் விற்பனையில் பெரிய வசீகரம்: ஒரே கண்ணாடி, எல்லா வெளிச்சமும். நம் ஊரில் அதற்கு இரண்டு எதிரிகள். சூடு ஏற ஏற அது கறுக்கும் அளவு குறையும். மே மாத நண்பகலில், அதிகம் தேவைப்படும் நேரத்தில், அரைமனதோடு வேலை செய்யும். இரண்டாவது இன்னும் மோசம். அது தன்மேல் விழும் புற ஊதாக் கதிருக்குத்தான் கட்டுப்படும். வெளித்தளத்தில் ரைஃபிள் சுடுபவர் கொட்டகை நிழலில் நிற்கிறார், இலக்கு ஐம்பது மீட்டர் தள்ளி வெயிலில் காய்கிறது. லென்ஸுக்குத் தெரிவது கொட்டகை மட்டும்.

போலராய்டை ஓரிரு வாக்கியத்தில் தள்ளிவிடலாம். தலை சாயச் சாய வானத்தின் அடர்த்தி மாறும். எலக்ட்ரானிக் இலக்கின் மானிட்டர் சில கோணங்களில் இருண்டுபோகும். மேலே அடர்த்தி, கீழே வெளுப்பு என்று இறங்கும் லென்ஸ் அதைவிடத் தவறு: ரைஃபிளில் கன்னம் வைத்துக் குனிந்ததும் பார்வை போவது லென்ஸின் மேல் மூலை வழியாக.

இன்னொன்று, கறுப்புதான் கண்ணைக் காக்கும் என்ற பேச்சு. நிறமே இல்லாத பாலிகார்பனேட்டும் புற ஊதாவைத் தடுத்துவிடுகிறது, தெறித்து வரும் சில்லுகளையும் தாங்குகிறது. பாதுகாப்பை லென்ஸின் பொருளில் தேடுங்கள், நிறத்தில் அல்ல.

ஆக, வெளியில் தட்டு சுடுபவருக்கு லென்ஸ் மாற்றக்கூடிய ஒரு ஃபிரேமும் மூன்று லென்ஸும் போதும்: மூட்டத்துக்கு வெளிர் மஞ்சள், மாலைக்கு நிறமற்றது, வெயிலுக்குப் பாதி வெளிச்சமாவது விடும் ஆரஞ்சுச் சிவப்பு அல்லது ஊதா. இந்தக் கடைசி வகைதான் விலைக்கு நியாயம் செய்கிறது. பச்சையை அடக்கிச் சிவப்பை விடுவதால் மரங்களுக்கு முன் ஆரஞ்சுத் தட்டு துருத்திக்கொண்டு தெரியும். ஆனால் வாங்குமுன் உங்கள் தளத்தில் தட்டு எதன் முன்னே பறக்கிறது என்று பாருங்கள். பின்னால் மரமே இல்லாமல் வெறும் வானம் என்றால் ஊதாவுக்கு வேலை இல்லை; விலை குறைந்த வெளிர் பழுப்பே போதும்.