பிளாஸ்திரி எடுக்கும் கை

குறைமாதச் சிசுவின் சருமத்திலிருந்து பிளாஸ்திரியை எடுப்பதும் ஒரு கலையே என்பது என் அபிப்பிராயம். காவிரிக்கரைக் கிராமங்களிலிருந்து தஞ்சை ஆஸ்பத்திரிக்கு வந்துசேரும் அச்சிசுக்களின், வாழைப்பட்டையின் உட்சவ்வு போன்ற மேனியில், மேல்தோலும் அடித்தோலும் இன்னும் இறுகப் பிணைந்திராதபடியால், மூக்குக் குழாயையும் நரம்பு ஊசியையும் பிடித்து நிறுத்தும் பசை, அவசரமாய் உரித்தால் தோலையே உடன் கொண்டுவந்துவிடும்; பிறகு காணும் செந்தடிப்பை ஒவ்வாமை என்கிறோமாயினும், மெய்யான ஒவ்வாமை அவர்களிடம் அபூர்வம்; பெரும்பாலும் அது உரித்த காயமே.

2021 ஜூனில் தஞ்சையில், பிளாஸ்திரியைக் கத்தரிக்கையில் ஒரு பச்சிளங்குழந்தையின் கட்டைவிரல் நுனி துண்டான செய்தியைப் படித்து நெஞ்சு பதறியது.

கைதேர்ந்த நர்ஸம்மா கத்தரியைத் தொடுவதில்லை. வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஓரத்தை ஊறவைத்து, ஒரு விரலால் சருமத்தை மெல்ல அழுத்திக்கொண்டு, பிளாஸ்திரியை மேலே தூக்காமல் தோலை ஒட்டியே பின்னுக்கு மடித்து, சிறுகச் சிறுக விடுவிக்கும் அந்த லாகவத்தைப் பார்க்கப் பார்க்கத் தெவிட்டாது. சிலிக்கோன் பசை இன்னும் இதமானது. குழாயைத் தாங்கும் வலு அதற்குக் குறைவெனினும், கருவிக் கம்பிகளை ஒட்டவேனும் அரசாங்கச் சிசு வார்டுகள் யாவற்றுக்கும் அது தடையின்றிக் கிடைக்கச் செய்ய வேண்டும்.