400 மாட்டுக்கு ஒரு பன்றி

ஆராய்ச்சிக் கட்டுரைகளின் மேற்கோள் பட்டியலில் பெண்கள் தலைப்பெழுத்துக்குப் பின்னால் மறைந்துபோகிறார்கள். 'ஆர். ரூபன்' என்ற பெயரை அங்கே பலமுறை பார்த்தும் ஓர் ஆணைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெண்ணெழுத்து பற்றி வகுப்பெடுப்பவள் நான், வெட்கமாக இருந்தது. அவர் ரேச்சல் ரூபன். 1960களில் வட ஆற்காட்டுக் கொசுக்களோடு தொடங்கி, தில்லி போய், பிறகு மதுரையில் இருந்த மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தின் இயக்குநராக இருந்தவர். தமிழில் அவருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு இருந்தால் நான் பார்த்ததில்லை. அதனால் அவருடைய கட்டுரைகளையே இலக்கியப் பிரதிபோல் வாசிக்கத் தொடங்கினேன்.

அவர் பின்தொடர்ந்தவற்றுள் முக்கியமானது ஜப்பானிய மூளைக்காய்ச்சல். இந்தியாவில் அது 1955இல் வேலூர்ப் பகுதியில் அடையாளம் காணப்பட்டது. அதன் வைரஸ் கொக்கிலும் மடையானிலும் தங்குகிறது. பன்றியின் ரத்தத்தில் பெருகுகிறது. பரப்புவது நெல் வயலில் முட்டையிடும் கியூலெக்ஸ் கொசு. மாட்டையும் அது கடிக்கிறது, ஆனால் மாட்டின் ரத்தத்தில் இன்னொரு கொசுவுக்குத் தொற்றும் அளவுக்கு வைரஸ் பெருகுவதில்லை. நோய்க்கு மாடு ஒரு முட்டுச்சந்து. மனிதரும் அப்படித்தான். என்ன, அந்த முட்டுச்சந்தில் குழந்தைகள் செத்துப்போகிறார்கள், பிழைத்தவர்களில் பலர் முடங்கிப்போகிறார்கள்.

1992இல் ரூபனும் தேன்மொழி உள்ளிட்ட சகஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை, கொசுவின் வயிற்றில் இருப்பது யாருடைய ரத்தம் என்று கேட்டது. கடிப்பது பெண் கொசு மட்டுமே, முட்டைக்காகக் குடிக்கிறது. அந்த ரத்தத்தில் பெரும்பங்கு மாட்டுடையது என்று கண்டார்கள். அந்தி நேரத்துக் கொசுக்களைப் பிடித்து, ஒவ்வொன்றின் வயிற்றையும் சோதித்துப் போட்ட கணக்கு அது. இந்தப் பொறுமைக்கு நம் விமர்சன மொழியில் ஒரு சொல் இல்லை. 'களப்பணி' என்று நாம் சொல்வது பெரும்பாலும் இரண்டு நாள் பயணம்.

எங்கள் மண்ணுக்கு வருகிறேன். 2000இல் விஜயராணியும் கஜானனாவும் தஞ்சை மாவட்டக் கிராமக் குழந்தைகளைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். இத்தனை நெல் வயல் இருந்தும் இங்கே நோய்த்தொற்று ஏன் குறைவு? அவர்கள் சுட்டிய காரணம் ஒரு விகிதம்: இங்கே 400 மாட்டுக்கு ஒரு பன்றி, கடலூர்ப் பக்கம் 20க்கு ஒன்று. கொசு மாட்டிடம் போய்விடுவதால் வைரஸின் சங்கிலி அறுந்துபோகிறது.

படித்ததும் எனக்கு ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் சின்னம்மாவின் கொட்டகைதான் கண்ணில் வந்தது. பொழுது சாயும் நேரத்தில் பால் கறப்பாள், சாணி அள்ளுவாள், மூட்டம் போடுவாள். கொசு மாட்டைத் தேடி வரும் அதே நேரம், அதே இடம். ஊருக்கு மாடு கவசம் என்றால் மாட்டோடு நிற்பவளுக்கு அது என்ன? 400க்கு 1 என்ற கணக்கில் அவளுக்கு இடமில்லை. அந்தக் கட்டுரை கேட்ட கேள்வி வேறு, அதற்குச் சரியான பதிலையே தந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாட்டை எண்ணுகிறவர்கள் மாட்டுக்காரியையும் எண்ணியிருக்கலாம் என்று கேட்பதை அறிவியலுக்கு வெளியே தள்ளிவிட முடியாது.

அந்த 1க்கும் ஒரு முகம் உண்டு. பன்றி வளர்ப்பவர்கள் யார், ஊரின் எந்த ஓரத்தில் இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். காய்ச்சல் வந்தால் முதலில் விரட்டப்படுவது அவர்களுடைய பிழைப்புதான். கொக்கை யாரும் விரட்டுவதில்லை. அது அழகாக இருக்கிறது.

1995இல் ரூபனின் குழு நெல் வயலில் நீரை விட்டுவிட்டுப் பாய்ச்சிக் கொசுப்புழுவைக் கட்டுப்படுத்துவதன் வாய்ப்புகளையும் சிக்கல்களையும் பற்றி எழுதியது. வேப்பம் பொருட்களோடு நீர் மேலாண்மையைச் சேர்த்தும் சோதித்தார்கள். விஷம் தெளிக்காத வழி. எனக்குப் பிடித்த பகுதி இது. இருந்தாலும் வயல் காய்ந்தால் களை எழும். எங்கள் ஊரில் களையெடுப்பு பெண்கள் வேலை, கூலியும் ஆணுக்குக் கொடுப்பதல்ல. கொசு குறைவதன் விலையை யார் முதுகு கொடுக்கிறது என்று நடவுக்காரியிடம் கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடுவாள்.

இப்போது அந்த விகிதமே ஆடிக்கொண்டிருக்கிறது. டிராக்டர் வந்து எங்கள் தெருவில் உழவு மாடு போய்விட்டது, கறவையும் குறைந்துவிட்டது. மேட்டூர் திறந்து புதாற்றில் தண்ணீர் வந்தால் வயலும் நிறையும், கொசுவும் வரும். மாடில்லாத ஊரில் அது எங்கே போகும்? இதை எண்ணிப் பார்க்க இன்னொரு ரேச்சல் ரூபன் வேண்டும். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் வெள்ளைக் கோட்டு மாட்டிய பெண்பிள்ளைகளைப் பார்க்கிறேன்.

சின்னம்மாவின் கொட்டகையில் இப்போது ஸ்கூட்டி நிற்கிறது. அந்தி நேரத்தில் அவள் வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறாள். "முன்னே எல்லாம் மாட்டைக் கடிக்கும், இப்ப என்னையே கடிக்குதுடி" என்கிறாள்.