ஃபார்மட் அடிப்பதற்கு முன்

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அதிலிருந்து சர்வீஸ் கடைகளில் ஒரே வைத்தியம்தான். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்று, எஸ்.எஸ்.டி. மாட்டு, விண்டோஸை ஏற்று, மாலையே கொடுத்தனுப்பு. ராசிங்காபுரத்திலிருந்து பஸ் ஏறிப் போடிக்கு வந்து மெஷினைக் கொடுத்தவரும் சந்தோஷமாகத்தான் வீடு திரும்புகிறார். உள்ளே இருந்த கணக்கும் போட்டோவும் எங்கே என்று இரண்டு நாள் கழித்துக் கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: “பூட் ஆகலைன்னா ஃபார்மட் அடிச்சிர வேண்டியதுதாண்ணே. டேட்டா முக்கியம்னா நீங்கதான் பேக்கப் எடுத்து வச்சிருக்கணும்.” இதை நியாயமான பதில் என்று விவரம் தெரிந்தவர்களே தலையாட்டி ஏற்றுக்கொள்வதுதான் என்னை எழுத வைக்கிறது.

இந்தக் கடைகளால் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். சில நூறு ரூபாயில், ஒரே நாளில், காயலான் கடைக்குப் போக வேண்டிய மெஷினை இன்னும் நாலு வருஷம் ஓட வைக்கிறார்கள். எஸ்.எஸ்.டி. மாட்டினால் பத்து வருஷத்து லேப்டாப்புக்கும் உயிர் வருகிறது என்பது உண்மை. வைரஸ் புகுந்து குழம்பிய சிஸ்டத்தைத் துடைத்துவிட்டு மறுபடி ஏற்றுவதே சில சமயம் சரியான வழி. அவ்வளவும் சரி.

என் புகார் வேலையின் வரிசையைப் பற்றியது. ஹார்ட் டிஸ்க்கின் முதல் வேலை நாம் எழுதியதைக் காப்பது. மெஷினைக் கிளப்பிவிடுவது அதற்கு இரண்டாவது வேலை. இரண்டாவது வேலை நின்றுபோனதும் முதல் வேலையும் போய்விட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். சாவி தொலைந்ததற்கு வீட்டை இடித்துக் கட்டுகிற கதை இது.

பூட் ஆவது எவ்வளவு சின்ன இடத்தைப் பொறுத்தது என்று பாருங்கள். பழைய முறையில் பிரிக்கப்பட்ட டிஸ்க்கில் முதல் செக்டர் 512 பைட். அதில் 446 பைட் பூட் நிரல், 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை, கடைசி இரண்டு பைட் அடையாளம். இதில் ஓர் எழுத்து கெட்டாலும் ‘ஆபரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்’ என்று திரை கறுத்துவிடலாம். மீதி டிஸ்க் முழுக்க அப்படியே கிடக்கும். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் வாங்கிக் கொடுத்த தொடக்ககால லேப்டாப்புகளில் விண்டோஸ் 7, பாஸ் லினக்ஸ் இரண்டும் இருந்தன. பயன்படுத்தாத லினக்ஸ் எதற்கு, இடமாவது மிச்சமாகட்டும் என்று அந்தப் பார்ட்டிஷனை அழித்தால் மறுநாள் மெஷின் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று கேட்டுக்கொண்டு நிற்கும். விண்டோஸுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. இன்ஸ்டால் டிஸ்க்கிலிருந்து ‘பூட்ரெக் ஃபிக்ஸ்எம்பிஆர்’ என்று ஒரு கட்டளை போதும். அதற்கும் ஃபார்மட்தான் அடித்தார்கள்.

இன்னொன்று, மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி. மூன்று வோல்ட், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். அது தீர்ந்த பிறகு கரண்ட் போனால் தேதி பல வருஷம் பின்னுக்குப் போகும். கூடவே பயாஸ் அமைப்புகளும் பழைய நிலைக்குத் திரும்பும். டிஸ்க்கை ஏஹெச்சிஐ முறையில் வைத்து ஏற்றிய விண்டோஸ், பயாஸ் தானாக ஐடிஇ-க்கு மாறியதும் 7பி என்ற எண்ணோடு நீலத்திரை காட்டி நிற்கும். மலையடிவாரத்தில் மழை பிடித்தால் கரண்ட் எத்தனை தரம் போய் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. பாதிப் பேர் வீட்டில் யுபிஎஸ் என்பது பேட்டரி செத்து வெறும் ப்ளக் பாயிண்டாக மாறிய பெட்டி. இப்படி வருகிற மெஷினில் பயாஸில் உள்ள தேதியைப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகுமா? பார்ப்பதில்லை.

டிஸ்க் உண்மையிலேயே சாகத் தொடங்கியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்பைக் காட்டும். படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களின் கணக்கு அதில் தெரியும். மஞ்சள் எச்சரிக்கை வந்துவிட்டால் அந்த டிஸ்க்கில் ஒரு பைட்கூட எழுதக் கூடாது. கழற்றி இன்னொரு மெஷினில் மாட்டி முழு நகல் எடுக்க வேண்டும். க்னூ டிடிரெஸ்க்யூ இதற்கென்றே எழுதப்பட்டது. நல்ல பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். நம் கடைகளில் நடப்பது என்ன? ‘செக்டிஸ்க்’கை ஓட விட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள். அந்தக் கட்டளை காப்பாற்றுவது ஃபைல் சிஸ்டத்தின் ஒழுங்கை; உங்கள் ஃபைலை அல்ல. ஏற்கெனவே மூச்சு வாங்கும் டிஸ்க்கை மணிக்கணக்கில் உருட்டி, கடைசியில் பெயரில்லாத துண்டுகளாக ஒரு ஃபோல்டரில் கொட்டி வைத்திருக்கும். டிக் டிக் என்று சத்தம் கேட்கும் டிஸ்க்கைத் திரும்பத் திரும்ப ஆன் பண்ணிப் பார்ப்பவர்களைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

“மை டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப் எல்லாம் எடுத்துட்டோம்ணே” என்பார்கள் கொஞ்சம் பொறுப்பானவர்கள். அது போதாது. ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடக்கும் ஊர் போடி. ஏலக்காய் வியாபாரிகளின் கணக்கு டாலி மென்பொருளில். டாலி ஈஆர்பி 9-இன் பழைய பதிப்புகள் சி டிரைவில், தன் சொந்த ஃபோல்டருக்குள், ஐந்து இலக்க எண்ணைப் பெயராகக் கொண்ட ஃபோல்டரில் கணக்கை வைக்கும். 10000 என்று கிடக்கும் ஃபோல்டரைப் பார்த்தால் அது ஒருவரின் ஏழு வருஷத்து வரவுசெலவு என்று யாருக்குத் தோன்றும்? டிடிபி கடைக்காரர்கள் பாடு வேறு. பாமினியிலும் வானவில்லிலும் அடித்த கல்யாணப் பத்திரிகைகள் பத்திரமாகத் திரும்பி வரும்; எழுத்துரு வராது. திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குப்பை.

“ஃபார்மட் ஆனாலும் ரெக்கவர் பண்ணிக்கலாம்” என்ற தைரியம் எக்ஸ்பி காலத்துச் சொத்து. அப்போது முழு ஃபார்மட்கூட டிஸ்க்கில் இருந்ததை அழிக்காது. விஸ்டா முதல் முழு ஃபார்மட் டிஸ்க் முழுக்க பூஜ்யத்தை எழுதிவிடும். எஸ்.எஸ்.டி.யில் குயிக் ஃபார்மட்டே போதும். ட்ரிம் கட்டளை போய்ச் சேர்ந்ததும் மீட்க எதுவும் மிஞ்சாது. எல்லாரும் எஸ்.எஸ்.டி.க்கு மாறிவிட்டார்கள், கைப்பழக்கம் மட்டும் எக்ஸ்பியிலேயே நிற்கிறது. நாளைக்கு இந்த எஸ்.எஸ்.டி.க்கள் பூட் ஆகாமல் அதே கடைக்கு வரும்போது நடக்கப் போவதை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

இதில் தொழில்நுட்பச் சிக்கல் என்று எதுவும் இல்லை. ஒரு யுஎஸ்பி-சாட்டா கேபிள், லினக்ஸ் ஏற்றிய ஒரு பென் டிரைவ், காலியாக ஒரு டிஸ்க், ஓர் இரவு பொறுமை. இவ்வளவையும் வைத்துக்கொள்ளாத கடைக்காரர் வாடிக்கையாளரைப் பார்த்து பேக்கப் எங்கே என்று கேட்பது பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் பேச்சு. பேக்கப் எடுக்காதது வாடிக்கையாளரின் தவறாகவே இருக்கட்டும். இருந்த ஒரே பிரதியின் மேல் எழுதியது யார்?

கடைக்கு மெஷினைக் கொடுக்கும்போது, நகல் எடுத்துக் காட்டாமல் ஃபார்மட் அடிக்கக் கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எஸ்.எஸ்.டி. போட்டுக்கொண்டால் கழற்றிய பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். அது உங்கள் காசில் வாங்கியது.