ஒரு சாண் எஞ்சின்

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. பக்கத்து அரியலூரில் வைகை எக்ஸ்பிரஸ் நின்று போகும். அதுபோன்ற விரைவு ரயில்களை இழுக்கும் டபிள்யூஏபி-7 எஞ்சினின் நீளம் 20.56 மீட்டர். மாதிரி ரயில் பிரியர்கள் புதிதாக வாங்கிப் பெட்டி பிரிக்கும் எச்ஓ அளவு மாதிரியில், 87-இல் ஒரு பங்காகச் சுருங்கி, அது 23.6 சென்டிமீட்டர். ஏறக்குறைய ஒரு சாண்!

நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். கணக்குப்படி மாதிரித் தண்டவாளத்தின் அகலம் 19.3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். எச்ஓ தண்டவாளமோ உலகெங்கும் 16.5தான். அந்தச் சிறு குறையைப் பிரியர்கள் மனதாரப் பொறுத்துக்கொள்கிறார்கள். கூரையில் மடங்கி எழும் பாண்டோகிராஃப், நகக்கண் அளவு எழுத்தில் எஞ்சின் பராமரிக்கப்படும் ஷெட்டின் பெயர் எல்லாம் பிசகாமல் அமைந்துவிட்டால் போதும். பின்னால் நாலு சிமென்ட் வேகன்களைக் கோத்தால் சிமென்ட் ஊரான அரியலூரே மேஜைக்கு வந்துவிடும். நம் ஊர் எஞ்சினை நம் கையால் ஓட்டும் சந்தோஷத்துக்கு எந்த விலையும் தகும்.