கோத் இசையின் ரசிக மரபுகள்

கோத் இசையில் வாசிப்பவர்களுக்குப் பாணி இருப்பதுபோல் கேட்பவர்களுக்கும் உண்டு. 1979 ஆகஸ்டில் நார்தாம்ப்டனின் பௌஹாஸ் குழு ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும் முதல் இசைத்தட்டை வெளியிட்டது, சூக்ஸி, க்யூர், ஜாய் டிவிஷன் குழுக்களுக்கு இவ்விசையில் உள்ள பங்கு, எந்தக் குழுவிலிருந்து எது கிளைத்தது என்பவையெல்லாம் நம் ரசிகர் சங்கத்தின் இம்மலரை வாசிப்பவர்களுக்கு மனப்பாடம். மலர்க்குழு கேட்டிருப்பது ரசிகர்களைப் பற்றி. அவர்களில் நான்கு வழிகளைக் குறிப்பிடலாம்.

முதலாவது லண்டன் வழி. 1982 ஜூலையில் சோஹோவில் தொடங்கிய பேட்கேவ் இரவு விடுதியே அதன் பிறப்பிடம். ஸ்பெசிமன் குழுவின் ஆலி விஸ்டம் நடத்திய அந்த இடத்தில் ஒப்பனைக்கும் கூந்தலுக்கும் பாட்டுக்குச் சமமான மரியாதை இருந்தது. வந்தவர் எல்லோரும் ஒருவகையில் மேடை ஏறியவர்களே. வேடிக்கையும் கிண்டலும் நிறைந்த வழி அது. பின்னால் வந்தவர்கள் கிண்டலை விட்டுவிட்டு ஒப்பனையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

லாஸ் ஏஞ்சலிஸ் வழி பங்க் இசையோடு ஒட்டியது. 1982இல் முதல் நீள்தட்டை வெளியிட்ட கிறிஸ்டியன் டெத் குழுவிலிருந்து ராஸ் வில்லியம்ஸ் 1985இல் விலகினார். குழுவில் இருந்த வேலர் அதே பெயரில் அதைத் தொடர்ந்தார். பிறகு வில்லியம்ஸும் அப்பெயரைத் திரும்பக் கையில் எடுக்க, ஒரே பெயரில் இரண்டு குழுக்கள் ஆயின. 1998இல் வில்லியம்ஸ் மறைந்த பின்னும் எது உண்மையான குழு என்ற ரசிகர்களின் வழக்கு முடியவில்லை. சங்கத்தில் இரு தரப்பாரும் இருப்பதால் இதற்கு மேல் சொல்வது உசிதமல்ல.

ஜெர்மானிய வழி கூடுகையை மையமாகக் கொண்டது. பெர்லின் சுவர் நின்றிருந்த காலத்தில், கிழக்கு ஜெர்மனியின் கறுப்புடைக்காரர்கள் போட்ஸ்டாமில் ஒரு பாழ்மாளிகையில் கூட முயன்றார்கள்; அதிகாரிகள் கலைத்துவிட்டனர். சுவர் விழுந்த பின் 1992இல் லைப்சிக்கில் வேவ் கோத்திக் ட்ரெஃபன் விழா தொடங்கியது. பெந்தெகொஸ்தே வார இறுதிதோறும் ஊர் முழுதும் பல அரங்குகளில் நடக்கும் இவ்விழாவுக்கு இப்போது சுமார் 20,000 பேர் வருகிறார்கள். 2000ஆம் ஆண்டு விழா நடந்துகொண்டிருக்கும்போதே அமைப்பாளர்கள் நொடித்துப்போனார்கள். சில குழுக்கள் ஊதியமின்றி வாசித்தன. ரசிகர்கள் வேலைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார்கள். ரசிகர்களின் தரத்துக்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

நான்காவது, இச்சங்கத்து மூத்தோர் பலரும் வந்த லீட்ஸ் வழி. அதை வளர்த்தது சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்ஸி. 1980இல் தொடங்கிய அக்குழுவில் தாளம் போட்டது மனிதரல்ல, டாக்டர் அவலாஞ்ச் என்று பெயர் சூட்டப்பட்ட இயந்திரம். 1985 மார்ச்சில் முதல் நீள்தட்டு. ஜூன் 18 அன்று ராயல் ஆல்பர்ட் ஹாலில் கச்சேரி. அதோடு அந்த அணி முடிந்தது. வெய்ன் ஹஸ்ஸியும் கிரெய்க் ஆடம்ஸும் பிரிந்து மிஷன் குழுவைத் தொடங்கினார்கள். பிரிவினை ரசிகர்களைக் குறைக்கவில்லை, பெருக்கியது. மிஷனைத் தொடர்ந்தவர்களுக்கு எஸ்கிமோக்கள் என்றும், ஸ்டீவனேஜ் ஊரின் ஃபீல்ட்ஸ் ஆஃப் த நெஃபிலிம் குழுவைத் தொடர்ந்தவர்களுக்கு பொனான்சாக்கள் என்றும் பெயர் வந்தது. நெஃபிலிம் குழுவினர் மாட்டுக்காரத் தொப்பியும் நீளக் கோட்டும் அணிந்து, பாலைவனத்தில் புரண்டு வந்தவர்போல் மாவு தூவிக்கொண்டு மேடை ஏறுவார்கள். ரசிகர்களும் அப்படியே.

இவ்வழியின் இலக்கணம் ‘தொடர்தல்’. உள்ளூரில் ஒரு கச்சேரி கேட்டுவிட்டு வீடு திரும்புபவர் கேட்பவர். அடுத்த ஊருக்கும் அதற்கடுத்த ஊருக்கும் கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டு போகிறவர் ரசிகர். முன்வரிசையில் ஒருவர் தோள்மேல் ஒருவராக ஏறிக் கோபுரம் எழுப்புவார்கள். விழுந்தவரைத் தூக்கி நிறுத்துவது மற்றவர் கடமை. ஒரே பாட்டைப் பல ஊர்களில் கேட்டவருக்குத்தான் எந்த ஊரில் அது எடுபட்டது, எங்கே தொய்ந்தது என்பது தெரியும். சங்கத்தின் மூத்தவர்கள் இன்றும் ஒரு கச்சேரியைப் பற்றிப் பேசும்போது இந்த ஒப்பீட்டைக் கேட்கலாம். இசைத்தட்டை வைத்துப் பேசுகிறவர்களிடம் அது வராது. சிஸ்டர்ஸ் 1990க்குப் பிறகு புதிய ஸ்டுடியோ நீள்தட்டு எதையும் வெளியிடவில்லை. மேடையில் மட்டும் பாடப்படும் புதிய பாட்டுகள் அவர்களிடம் பல உண்டு. அவற்றைக் கேள்வியாலேயே பாடம் செய்த ரசிகர்கள் இருக்கிறார்கள். அக்குழுவின் பாடகர் ஆண்ட்ரூ எல்ட்ரிச் தமது இசையைக் கோத் என்று சொல்வதை ஒப்புவதில்லை. ரசிகர்கள் அதையும் மரியாதையோடு கேட்டுக்கொண்டு அடுத்த கச்சேரிக்குப் போகிறார்கள்.

உடையின் தரம் தனியே சொல்லத்தக்கது. பழைய துணிக்கடையில் எடுத்ததைக் கறுப்புச் சாயத்தில் முக்கி, கிழித்து, தைத்து, முடியைப் பின்னோக்கி வாரி நிமிர்த்தி உருவாக்கியது அது. அதற்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. 2007 ஆகஸ்டில் லங்காஷயரின் பேகப் ஊர்ப் பூங்காவில், தோற்றத்துக்காகவே சோஃபி லங்காஸ்டர் என்ற இளம்பெண் தாக்கப்பட்டு இறந்தார். 2013இல் கிரேட்டர் மான்செஸ்டர் காவல்துறை இத்தகைய தாக்குதல்களையும் வெறுப்புக் குற்றங்களாகப் பதியத் தொடங்கியது.

இன்று அந்த உடை பொட்டலமாக வீட்டுக்கு வந்துவிடுகிறது. வாங்குவது தவறில்லை, எல்லோருக்கும் தையல் வராது. ஆனால் இங்கிலாந்தின் விட்பி ஊரில் கோத் ரசிகர்கள் கூடும் வார இறுதியில் நடப்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1994இல் ஜோ ஹாம்ப்ஷயர் என்ற ரசிகை தம் பேனா நண்பர்களை வரவழைத்துத் தொடங்கிய வார இறுதி அது. டிராகுலா நாவலில் வரும் ஊர் என்பது கூடுதல் பொருத்தம். இப்போது பகலெல்லாம் செயின்ட் மேரி தேவாலயத்துக்கு ஏறும் 199 படிகளிலும் கூட்டம்: உயரத் தொப்பி, பற்சக்கரக் கண்ணாடி, குடை, கூட்டுக்குள் பொம்மைக் காகம். படம் எடுக்கிறவர் வரிசை, எடுக்கப்படுகிறவர் வரிசை. மாலையில் குழு வாசிக்க ஏறும்போது இவர்களில் பலர் விடுதிக்குத் திரும்பித் தொப்பியைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். அன்று மேடை ஏறும் குழுவின் பெயரைக் கேட்டால் சிலருக்குத் தெரியாது. கேட்டவர் தலையில் தொப்பி இல்லாததை மட்டும் கவனிப்பார்கள். உள்ளே வருகிறவர்களிலும் சிலர் துணைக்குழு வாசிக்கையில் மதுக்கூடத்தின் பக்கம் திரும்பி நின்று பேசுகிறார்கள். தெரிந்த ஒரு பாட்டு வந்ததும் கைபேசியை உயர்த்துகிறார்கள், அது முடிந்ததும் மீண்டும் பேச்சு. பின்னால் நிற்பவருக்குத் தெரிவது மேடையல்ல, ஒரு சிறு திரையும் ஒரு தொப்பியும். தொப்பியைக் கழற்றச் சொன்னால் உடை மரபு தெரியாதவர் என்ற பட்டம் கிடைக்கிறது. மரபைத் தொப்பியில் தேடும் காலம் வந்துவிட்ட பிறகு, பன்னிரண்டு பாட்டும் நின்று கேட்பவர் வழக்கொழிந்தவராகத்தான் தோன்றுவார். செயின்ட் மேரி தேவாலயத்தார், கல்லறைகள்மேல் படுத்துப் படம் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் அளவுக்குப் படம் எடுக்கும் இந்த ஆசை போயிற்று.

இங்கே சொன்னவை சங்க உறுப்பினர் எவரையும் குறிப்பன அல்ல. சென்ற ஆண்டுக் கூட்டத்தில் முன்வரிசையில் தொப்பியோடு அமர்ந்திருந்தவர்களையும் அல்ல.