பீரங்கியும் பேரருவியும்

உங்கள் அறிவியல் பாடநூலில் 'இணையச் செயல்பாடு' என்னும் பகுதியைக் கண்டிருப்பீர்கள். அதிலுள்ள குறியீட்டைக் கைபேசியில் காட்டினால், சில பாடங்களில் 'ஃபெட்' என்னும் கணினிப் பாவனைகள் திறக்கும். 2001ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன், மறு ஆண்டே அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் இது. கட்டணம் கிடையாது, தமிழிலும் சில உள்ளன. 'எறிபொருள் இயக்கம்' என்ற பாவனையை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

திரையில் ஒரு பீரங்கி நிற்கிறது. குண்டை மட்டுமன்று, பூசணிக்காயையும் பியானோவையும், ஏன், ஒரு மனிதனையுமே அதில் வைத்துச் சுடலாம்! வெறும் வேடிக்கை என்று எண்ணிவிட வேண்டாம். காற்றில்லாதபோது நிறை மாறினாலும் பாதை மாறாது என்பதை இதைவிட எளிதாகக் காட்ட இயலாது. கரும்பலகையில் நான் பாடுபட்டு வரையும் பரவளையம் இங்கே கண்ணிமைப்பதற்குள் விழுந்துவிடுகிறது.

குறை எங்கே? முதல் திரை திறக்கும்போது காற்றுத் தடை நீக்கப்பட்டே இருக்கிறது. அதற்குரிய கட்டத்தை நாமே தேடித் தொடவேண்டும். தொடாதவன் காற்றில்லா உலகிலேயே தங்கிவிடுகிறான்.

தென்காசி மாணவனுக்கு இது பேரிழப்பு. ஏனெனில் அவன் ஊருக்கு அருகிலேயே குற்றாலம் இருக்கிறது. 60 மீட்டர் உயரத்திலிருந்து நீர் தடையின்றி விழுவதாகக் கொள்வோம். சூத்திரப்படி அது வினாடிக்கு 34 மீட்டர், அதாவது மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் தலையைத் தாக்கவேண்டும். பிறகு பேரருவியில் யார் நீராடுவார்? மேலிருந்து வரும் நீர் முதலில் பொங்குமாங்கடல் என்னும் பாறைக் குழியில் விழுந்து, வேகமிழந்து, வழிந்தே கீழிறங்குகிறது. அப்புறம் பாறையில் உராய்கிறது, காற்றில் சிதறுகிறது. 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளி, காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தோடு நின்றுவிடும். இதுவே அதன் முற்றுத் திசைவேகம். 0.2 மில்லிமீட்டர்த் திவலையோ 1 மீட்டரைக்கூட எட்டாது. அதனால்தான் அது அருவியைவிட்டு விலகி மிதந்து வந்து நம் சட்டையை நனைக்கிறது.

இதையெல்லாம் ஆராய ஏற்ற இடம் பாவனையின் மூன்றாவது திரை. விட்டம், நிறை, இழுவைக் கெழு ஆகியவற்றை அங்கே மாற்றிப் பார்க்கலாம். என் கணிப்பில் பாவனையின் சிறந்த பகுதி அதுதான். ஆனால் தேர்வில் வரும் கணக்குகள் காற்றைப் புறக்கணிப்பதால் வகுப்புகள் அதுவரை செல்வதில்லை.

இதனால் பாவனையே வீண் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 2005இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மின்சுற்றை ஃபெட் பாவனையில் கற்ற மாணவர்கள், மெய்யான சுற்றை அமைப்பதிலும் மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தனர்.

இன்னுமொரு குறையும் உண்டு. இந்தப் பீரங்கியை ஒரே கோணத்தில், ஒரே வேகத்தில் பத்து முறை சுட்டாலும் குண்டு அதே புள்ளியில்தான் விழும். மேசைமீது சாய்தளம் வைத்து ஒரு கோலியைப் பத்து முறை உருட்டிவிட்டுப் பாருங்கள். தரையில் விரித்த கார்பன் தாள் பத்துப் புள்ளிகளைக் காட்டும். சராசரி எடுப்பது எதற்கு என்ற கேள்வி அப்போதுதான் எழும்.