நூலின் தராதரம் காணும் கலை

நூல்களைத் தரம் பிரித்து உரைப்பது ரசிகனுடைய கடமைகளுள் மிகக் கடினமானது. ஆயினும் தமிழருக்கு அது புதிய வழக்கமன்று. இறையனார் களவியலுக்குச் சங்கப் புலவர் நாற்பத்தொன்பதின்மரும் உரை கண்டபோது, அவற்றுள் மெய்யுரை எதுவென்று நிர்ணயிக்க, உப்பூரிகுடிகிழாரின் மகனும் ஐந்து வயதேயான ஊமைப் பிள்ளையுமாகிய உருத்திரசன்மனை ஆசனத்தில் இருத்தினார்கள் என்றும், மருதனிளநாகனாரின் உரைக்குச் சிற்சில இடங்களில் மட்டும் கண்ணீர் உகுத்து மெய்சிலிர்த்த அப்பிள்ளை, நக்கீரனாரின் உரைக்குச் சொல்தோறும் அவ்வாறே உருகினான் என்றும் அந்நூலின் உரை கூறுகிறது. ஐதீகமே ஆகுக, இதனினும் நுட்பமான அளவுகோலை வேறெங்கும் நான் கண்டதில்லை. ஒரு நூல் எவ்வளவு உயரத்துக்கு நம்மை ஏற்றிச் செல்கிறது என்பதோடு, அந்த உயரத்தில் எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்பதே அதன் தாத்பரியம்.

சென்ற நூற்றாண்டில் இவ்விசாரத்தை நம்மிடையே மீண்டும் தொடங்கி வைத்தவர்களுள் தலையாயவர்கள் க.நா. சுப்ரமண்யமும் சி.சு. செல்லப்பாவும். ‘படித்திருக்கிறீர்களா?’ என்று நூலின் தலைப்பிலேயே வாசகனைக் கேட்ட க.நா.சு., நல்ல நூல்களின் பட்டியல்களை அஞ்சாமல் வெளியிட்டு, நிறையப் படித்துப் பழகிய மனத்தின் ரசனையே போதிய பிரமாணம் என்று நின்றார். 1959 ஜனவரியில் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கிய செல்லப்பாவோ, பிடித்திருக்கிறது என்று சொல்வதோடு விமர்சகன் நின்றுவிடலாகாது, ஏன் பிடித்தது என்பதைப் பிரதியின் வரிகளைக் கொண்டே அலசி நிலைநாட்ட வேண்டும் என்றார். இவர்கள் இருவரையும் எதிரெதிராக நிறுத்திப் பேசுவது வழக்கமாயினும், மதிப்பெண் இடத் துணிகிற வாசகனுக்கு இருவருமே வேண்டும். முதல் தீர்ப்பை ரசனை உடனே சொல்லிவிடும். கரையில் மீன் வாங்குகிறவள் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல அத்தீர்ப்பைச் சோதித்துப் பார்ப்பது அலசலின் வேலை.

கிழக்கே வங்கக்கடலும், மேற்கே கொசஸ்தலையாற்றின் கழிமுகமும் பக்கிங்காம் கால்வாயும், அவற்றிடையே குப்பங்களும் துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களுமாக விளங்கும் இக்காட்டுப்பள்ளிப் பகுதியில் இருந்துகொண்டு கடற்புரத்து நாவல்களைப் படிக்கும் வாசகனுக்கு ஒரு பாக்கியமும், அதனோடு ஒட்டிய ஓர் அபாயமும் உண்டு. காற்றையும் நீரோட்டத்தையும் பற்றி எழுத்தாளர் பிழைபட ஒரு சொல் எழுதினாலும் அவன் கண்டுகொள்வான் என்பது பாக்கியம். தன் வாழ்க்கை அச்சில் ஏறியிருப்பதைக் கண்ட பரவசத்தையே நூலின் மேன்மையாக எண்ணி மயங்கிவிடுவான் என்பது அபாயம். ஆதலால், நம் ஊரின் சாயலைக் கண்டதனால் வந்த மகிழ்ச்சியைக் கழித்துவிட்டு, எஞ்சி நிற்பது எவ்வளவு என்று பார்ப்பதே நேர்மையான கணக்காகும்.

தென்கடற்கரை வாழ்வைச் சொல்லும் மூன்று நாவல்களை இவ்வாறு அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். நேரில் சென்று பழகி விஷயங்களைத் திரட்டி எழுதிய ராஜம் கிருஷ்ணனின் ‘அலைவாய்க் கரையில்’ (1978) மீனவரின் துயரங்களை நேர்மையோடும் பரிவோடும் எடுத்துரைக்கிறது. எனினும் திரட்டிய செய்தி பல இடங்களில் செய்தியாகவே நின்றுவிடுகிறது. ஐந்துக்கு மூன்று தருவேன். ஜோ டி குருஸின் ‘ஆழிசூழ் உலகு’ (2004), 1933 முதல் 1985 வரையிலான பரதவர் வாழ்வை அவர்களுடைய பேச்சுமொழியிலேயே விரித்துரைக்கும் பெருங்காவியம். நடுக்கடலில் மனிதர் தத்தளிக்கும் அத்தியாயங்களின் வீரியத்துக்கு ஈடாகத் தமிழில் சொல்லத்தக்கவை மிகச் சில. ஆனால் அந்த உச்சங்களுக்கிடையே பாத்திரங்களின் பெருக்கத்தில் கதை தளர்வதும் உண்டு, ஆகவே நான்கு. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977) அளவிற் சிறியது. வல்லம் என்னும் தன் படகை விற்க மனம் ஒவ்வாத குரூஸ் மிக்கேலும், விற்கச் சொல்லும் மகன் செபஸ்தியும், லாஞ்சுக்காரருக்கும் வல்லத்துக்காரருக்கும் மூண்ட பகையும், காதலை இழந்த பின்னும் யாரையும் வெறுக்காத பிலோமியும் அதில் மெல்லிய குரலில் வந்து போகிறார்கள். ஆயினும் ஒரு வாக்கியத்தைக்கூட நீக்க முடியவில்லை. வேறு சமயமும் வேறு பேச்சுவழக்கும் கொண்ட இவ்வடகரையின் பட்டினவ மீனவரும், கட்டுமரத்தின் பக்கத்தில் விசைப்படகு வந்து நின்ற காலத்தை அதில் அடையாளம் கண்டுகொள்வார்கள். சொல்தோறும் உருகவைப்பது என்பதற்கு இதுவே உதாரணம், ஐந்து.

இம்மதிப்பெண்களின் பொருளையும் சொல்லிவிடுவது நியாயம். மூன்று என்பது நல்ல நூலுக்கு உரிய கௌரவமான எண். அதை அவமதிப்பாகக் கொள்வது அறியாமை. படிக்காதவன் ஒன்றை இழந்தவனாவான் என்று உறுதியாகச் சொல்லத்தக்க நூலுக்கு நான்கு. ஐந்தையோ, கதை முடிவு தெரிந்த பிறகும், முதல் வாசிப்பின் வேகம் அடங்கிய பிறகும், மறுமுறை படிக்கையில் முன்னிலும் அதிகமாகத் தருகிற நூலுக்கே ஒதுக்கி வைத்தல் வேண்டும். ஆசிரியரின் புகழையும், அவர் பெற்ற பரிசுகளையும், நூலின் பருமனையும், விஷயத்தின் உன்னதத்தையும் இக்கணக்கில் சேர்க்கலாகாது. துயரமான வாழ்வைச் சொல்வதனாலேயே ஒரு நாவல் உயர்ந்துவிடாது.

வாசகர்களை நான் வேண்டுவது இது: தயவின்பொருட்டு ஐந்து தராதீர்கள், எல்லா நூல்களுக்கும் ஐந்து தருகிறவர், தக்க நூலுக்குத் தருவதற்கு ஒன்றும் இல்லாதவராகிறார். ஒரே விஷயத்தைச் சொல்லும் இரு நூல்களை எடுத்து ஒருசேரப் படியுங்கள். எண்ணை இட்ட பிறகு, அதற்கான காரணத்தை ஒரு வாக்கியத்திலேனும் அதன் அருகில் எழுதி வையுங்கள்.